பக்கத்துச் செல்கள்

சென்னை போகும் ரயிலில் நான் கும்மிடிப்பூண்டியில் ஏறி, லேடீஸ் பெட்டியில் என் ரயில் சிநேகிதிக்கும் சேர்த்து இடம் போடுவேன். அவள் கவரைப்பேட்டையில் ஏறுவாள். வண்ணாரப்பேட்டை துணிக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை. எனக்குச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூளையின் ஸ்டெம் செல்களை வளர்க்கும் வேலை.

எலி மூளையிலிருந்து எடுத்த செல் என்று முதலில் சொன்னபோது தள்ளி உட்கார்ந்தாள். பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, உன் செல்லு இன்னிக்கு இன்னா பண்ணுது?"

"பெருகிக்கினே இருக்குது. நரம்பாதான் மாற மாட்டேங்குது."

தனியாக விட்டால் அவை தம்மைப் போன்ற செல்களையே உண்டாக்கி, உருண்டை உருண்டையாக மிதக்கும். மூளையில் அவற்றை ஒட்டியே இருக்கும் நட்சத்திர வடிவத் துணைச் செல்களோடு சேர்த்து வளர்த்தால், சில நரம்பு செல்லாக மாறி மெல்லிய இழைகளை நீட்டும். தொட்டுக்கொண்டிருப்பதால் மாறுகின்றனவா, துணைச் செல்கள் கசியவிடும் ஏதோ ஒன்றால் மாறுகின்றனவா? அதை அறிய நடுவில் திரவம் மட்டும் கசியும் ஒரு நுண்ணிய சல்லடைத் தாளை வைத்து வளர்த்தோம்.

இதைச் சொன்ன அன்று அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். "அவ்ளோ கிட்ட வெச்சுட்டு தொடவுட மாட்டியா? பாவம்க்கா."

அந்த வருடமே அவள் வீட்டுக்காரருக்கு நெல்லூர்ப் பக்கம் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வெகுநாள் பழக்கத்தில் பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தேன். ஏறுபவர்கள் "யாருனா வராங்களா?" என்று கேட்டால் பையை எடுத்துக்கொள்வேன்.

ஒருநாள் முடிவு வந்தது. சல்லடைக்கு அந்தப் பக்கம் இருந்தவற்றிலும் சில மாறியிருந்தன. தொட்டுக்கொண்டு வளர்ந்தவற்றில் இன்னும் நிறைய. நுண்ணோக்கியில் அந்த இழைகளைப் பார்த்ததும் அவள் ஞாபகம்தான் வந்தது. வெளியே வந்து அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"மெய்யாலுமாக்கா?" என்றாள். அதற்குள் குழந்தை அழுதது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் பேசவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லூருக்கே போனேன். வாசலிலேயே கட்டிக்கொண்டாள். சாம்பாரில் காரம் கூடியிருந்தது. குழந்தை என்னைக் கண்டு அவள் முந்தானைக்குள் ஒளிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சுவரோரம் நின்று தெலுங்கில் ஏதோ கேட்டாள்.

"வஸ்துன்னானு வதினா!" என்று, இதோ வருகிறேன் அண்ணி என்பதை இவள் தெலுங்கிலேயே கத்திவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ரயிலில் கேட்டதே இல்லை.

"நல்லா தெலுங்கு பேசறியே."

"எல்லாம் அவங்க சாவாசம்தான்க்கா. நாள் பூரா அவங்க ஊட்லதான் கெடப்பேன்."

சந்தோஷமாக இருந்தது. ரயிலில் நான் பையை வைக்கும் அந்தப் பக்கத்து இடமும் ஞாபகம் வந்தது. ராத்திரி தங்கச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் செல்களுக்குத் திரவம் மாற்ற வேண்டும் என்றேன். ஸ்டேஷன்வரை வந்தாள். ரயில் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.