நெஞ்சைச் சொன்னால் நாய் வந்தது

சவூதி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. மெட்ராஸில் நடந்த முதல் இன்டர்வியூவில் அரபியில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாய் குழறித் தோற்று வந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவோம் என்றார்கள். அதனால்தான் கோவில்பட்டியில், அரபு நாட்டில் பத்து வருஷம் இருந்து வந்த டீச்சர் ஒருவரிடம் சேர்ந்தேன்.

அவர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு எங்களை நாடகம் போட வைத்தார். நான் நர்ஸ். ஆடு மேய்க்கிற குடும்பத்திலிருந்து, அதே ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலை தேடி வந்த ஒருத்திக்கு நோயாளியின் அம்மா வேஷம். ‘பிள்ளையின் இருதயம் நன்றாக இருக்கிறது’ என்பது என் வசனம். இருதயத்துக்கு அரபியில் கல்ப். நாய்க்கும் கல்ப். முதல் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து எடுத்தால் இருதயம், நம் சாதாரணக் ‘க’ போட்டால் நாய். என் நோட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன; தமிழில் வேறு எப்படி எழுதுவது?

நான் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்தாள். “எம்புள்ளைக்கு நெஞ்சுவலின்னு தூக்கிட்டு வந்தா, நாய் சௌக்கியம்னு சொல்லுதீயளேக்கா!”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏட்டி, எழுத்துக்கூட்டத் தெரியாதவ எனக்கு வாத்தியாரா?” என்று கேட்டுவிட்டேன். பாவி, கேட்டிருக்கக் கூடாது.

“கோவிக்காதீங்கக்கா. சளி புடிச்ச ஆடு இருமும்லா, அங்கன இருந்து எடுங்க” என்று இருமிக் காட்டினாள்.

மானத்தை விட்டு நானும் இருமினேன். தப்பாகச் சொன்ன போதெல்லாம் அவள் குரைத்தாள். ஒன்பதாம் நாள் குரைக்கவில்லை. இன்று நான் சாப்பிடுகிற சோறு அவள் போட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு பேரும் ஒன்றாகவே மெட்ராஸ் போனோம். அவளுக்குக் காலையில், எனக்கு மதியம். இருதயத்துக்கு என்ன சொல்வாய் என்று அரபிக்காரர் கேட்டார், சொன்னேன். மறுபடி சொல் என்றார். சொன்னேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலிலேயே நின்றிருந்தாள். “எடுத்துட்டாவளாக்கா?”

ஆமாம் என்றதும் என்னைக் கட்டிப்பிடித்து அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ரயிலில் விசா, சம்பளம், வாங்க வேண்டிய பெட்டி என்று வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவள் எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். சாத்தூர் தாண்டிய பிறகுதான், உனக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றியது.

“ஆயா வேலைக்கு ஆள் போதும்னுட்டாவக்கா” என்றாள். “காலையிலயே சொல்லிட்டாவ.”