மலையுச்சியில் நின்ற கேரவன்

டூங்கபி விமலாவைப் போல் இன்னொரு பயந்தாங்கொள்ளி இந்தச் சிட்னியில் இருப்பாளா என்பது சந்தேகம்தான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பாள். அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புவாள். லிட்கம்மில் முதியோர் இல்லத்தில் வேலை. விடியற்காலை ஷிஃப்டுக்கு எம் ஃபோர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போகும்போது பக்கத்தில் லாரி வந்தால், இத்தனை வருடம் கழித்தும் "முருகா" என்றுதான் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். ஆனால் பயந்துபோய் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. இதை யாரும் கவனித்ததில்லை, அவள் உட்பட.

கணவர் ஈஸ்வரமூர்த்தி அவளுக்கு நேர்மாறு. கோபிசெட்டிபாளையத்துக்காரர். அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். சாமி, சகுனம் எல்லாம் அவருக்குச் சிரிப்பு. கோயிலுக்கு வருவதே சர்க்கரைப் பொங்கலுக்காகத்தான். அப்படிப்பட்ட மனிதர் கேட்காமல் கொள்ளாமல் ஒரு பழைய கேரவனை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். விமலா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுப்பதாவது! கேரவன் இழுக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு இரண்டு பேரும் போனால்தான் உடன் வருவேன் என்று அடம்பிடித்தாள். போனார்கள். விமலாதான் நன்றாக ஓட்டுகிறாள் என்றார் பயிற்சியாளர். ஈஸ்வரமூர்த்தி அதை வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. விமலா கேரவனின் டயர், கேஸ் சிலிண்டர், பேட்டரிப் பெட்டி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். காரையும் கேரவனையும் இணைக்கும் தடித்த ப்ளக்கின் முதுகிலும் ஒரு பொட்டு. பின்விளக்கு, பேட்டரிக்குச் சார்ஜ், கேரவன் சக்கரங்களின் பிரேக் எல்லாமே அந்த ஒரு ப்ளக் வழியாகத்தான் போகின்றன.

"மைக்ரோவேவ மட்டும் ஏன் விட்டுட்ட? அதுவும் கோவிச்சுக்கும்" என்று சிரித்தார் ஈஸ்வரமூர்த்தி.

அந்த வார நீண்ட விடுமுறைக்கு மலையைத் தாண்டி இருக்கும் மட்ஜி ஊருக்குக் கிளம்பினார்கள். மலைமேல் இருக்கும் கட்டூம்பாவில் காபிக்கு நிறுத்தியபோது கேரவனுக்குள் ஃப்ரிட்ஜ் அணைந்திருந்தது. தண்ணீர் பம்ப் முனகியது. பழைய பேட்டரி, அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். மவுண்ட் விக்டோரியாவை நெருங்கும்போது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பச்சையாக எரிய வேண்டிய சின்ன விளக்கு சிவப்பாக மினுங்கத் தொடங்கியது.

வகுப்பில் படித்தது விமலாவுக்கு அப்படியே நினைவிருந்தது. சிவப்பு மினுங்கினால் கேரவனுக்குப் பிரேக் இல்லை என்று அர்த்தம். இனி வருவதோ மலையை விட்டு ஒரேயடியாகக் கீழே இறங்கும் சாலை. இரண்டு டன்னுக்கு மேல் கனம் முதுகில் ஏறித் தள்ளினால் காரின் பிரேக் எத்தனை நேரம் தாங்கும்?

"ஏனுங்க, நிறுத்துங்க."

"ஸ்லோவா எறங்கிரலாம், விமலா. ஒண்ணும் ஆகாது."

"நிறுத்தலைன்னா நான் இங்கயே எறங்கி நடந்து போறனுங்க."

அவள் முகத்தைப் பார்த்தார். ஓரமாக இருந்த காலி இடத்தில் நிறுத்தினார்.

கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு கோளாறைத் தேட ஆரம்பித்தார்கள். கேரவன் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார், எல்லாம் நல்லபடி. சட்டத்தில் முடுக்கியிருந்த எர்த் வயரை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கார் பக்கம் இருந்த சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் கரண்ட் முழுசாக இருந்தது. கேரவனுக்குள் வந்து சேரவில்லை. சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு இறக்கத்தில் மறைந்தன.

"அப்ப நடுவுலதானுங்க கோளாறு. அந்த ப்ளக்கக் கழட்டுங்க" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம். அது நல்லாத்தான் இருக்கும்."

அவர் குரல் என்னவோபோல் இருந்தது. அவளே குனிந்து உருவினாள். முதுகில் தன் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. திருப்பினாள். ஊசிகள் இருக்கும் முகத்தில், குறுக்கே, மூன்று விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை. தண்ணீரில் குழைத்துப் பூசியது உலர்ந்து, ஊசிகளைச் சுற்றி வெள்ளையாக இறுகிக் கரண்டை மறித்திருந்தது. அவள் கேரவனில் எங்குமே திருநீறு பூசவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி தூரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கேரவனுக்குள் ஏறினாள். பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து வந்தாள். அவர் ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்தார். சாக்கெட்டையும் சுத்தம் செய்து மாட்டியதும் விளக்கு பச்சையானது. அங்கேயே மெல்ல நகர்த்தி, விளக்கை ஒட்டிய பொத்தானால் கேரவன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பார்த்தார்கள். கேரவன் வெடுக்கென்று காரைப் பிடித்து நிறுத்தியது.

போகலாம். ஆனால் பிரேக்கைச் சோதித்துவிட்டு இறங்கிய ஈஸ்வரமூர்த்தி திறந்த கதவருகே நின்றவர் மறுபடி ஏறவில்லை. சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் இப்படித் தயங்கி அவள் பார்த்ததே இல்லை. இந்த மனிதரும் பயந்தால் பிறகு யார் இருக்கிறார்கள்?

காரைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"உனக்குப் பயமா இல்லயா?"

"உயிரே போகுது. ஆனா எனக்குத் தினமும்தான் பயமா இருக்குது, கார் ஓட்டாமயா இருக்கேன்? பயந்துட்டே ஓட்டிப் பழக்கமுங்க. நீங்க அந்தப் பச்சை லைட்டயே பாத்துட்டு வாங்க."

லோ கியரில் இறங்கினாள். சாலை காலுக்கடியில் சரிந்தது. பின்னால் கேரவனின் கனம் தள்ளுவது முதுகில் தெரிந்தது. பிரேக்கை மிதித்தபோது பிடித்தது. விட்டாள், மறுபடி மிதித்தாள், மறுபடி பிடித்தது. "பச்சை... பச்சை..." என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் முருகனைக் கூப்பிடக்கூட மறந்துவிட்டாள்.

அடிவாரத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்த பிறகும் அவளால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"அந்தப் பட்டைய எப்பப் போட்டீங்க?"

"நீ பூஜை முடிச்சு உள்ள போன பொறகு." கண்ணாடியில் தெரிந்த கேரவனைப் பார்த்தார். "வாங்கின அன்னிக்குத் தனியா இழுத்துட்டு வந்தேன்ல? எம் ஃபோர்ல ஒரு லாரி தாண்டுச்சு. பின்னாடி இது ஆடுன ஆட்டத்துல கார் எங் கையிலயே இல்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"பயந்துட்டீங்களா?"

"ஆமா" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க அவளுக்கு அழுகை வந்தது.

கைப்பையைத் துழாவிக் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள்.

"இனி ப்ளக்குல பூசாதீங்க. இங்க பூசிக்கலாம்."

அவர் குனிந்து நெற்றியைக் கொடுத்தார்.