மேற்கு மூலைக்கு வந்த புது நர்ஸ்

வரைபடத்தில் பார்த்தால் அந்த மாவட்டம் கிழக்கே வாயகன்று மேற்கே கூம்பிப்போன புனல் போல இருக்கும். அகன்ற பக்கத்தில் மாவட்ட அலுவலகம், பெரிய ஆஸ்பத்திரி, ரயில், வயல்கள். கூம்பிய பக்கத்தில் மலை. மழை மேலே பெய்யும், விளைச்சல் கீழே நடக்கும். கீழிருந்து மலைக்கு ஏறி வந்தவை இரண்டுதான்: ஓட்டுக் கேட்கும் ஜீப்பும், மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்தவர்களின் மாற்றல் உத்தரவும்.

நர்ஸ் ஊசியக்கா அப்படி வாயைக் கொடுத்து வந்தவள்தான். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம் என்று வந்தவளுக்கு அங்கேயே தலை நரைத்தது. துணைச் சுகாதார நிலையத்தின் முன்னறையில் மருந்து அலமாரியும் பிரசவக் கட்டிலும். பின்னறையில் அவள் அடுப்பும் பாயும். மேலே சிதறிக் கிடந்த குடியிருப்புகளில் அவள் ஊசி போடாத குழந்தை கிடையாது. அவள் தலை தெரிந்தாலே வாண்டுகள் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடும்.

கணவர் கீழே டவுனில் அச்சகம் வைத்திருந்தவர். மலைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. "அங்க என்னத்த அச்சடிக்கிறது? குரங்குக்குக் கல்யாணப் பத்திரிகையா?" என்பார். லீவு கிடைக்கும்போது இவள்தான் இறங்கிப் போவாள். போன மழைக்காலத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. மருமகள் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண், ஆனால் இடுப்பு ஒடிந்துபோயிருந்தாள். ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க ஒருத்தியால் முடியாது. வலது இடுப்பில் தோல் சிவந்து, பிறகு உரிந்து புண்ணாகிவிட்டது.

ஊசியக்கா கையைக் காலைப் பிடித்து டவுனுக்கு மாற்றல் வாங்கினாள். ஆனால் அவள் இடத்துக்கு ஒருத்தி வந்து நிலைத்தால்தான் அவளை விடுவிப்பார்கள்.

வந்தாள் ஒருத்தி. சமவெளிக்காரி, சின்ன வயசு. சக்கரம் வைத்த பெட்டியை மண் பாதையில் இழுக்கமுடியாமல் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். மலையே அவளைத் தாங்கியது. பால்காரர் தினமும் ஒரு செம்பு கூடுதலாக ஊற்றினார். டீக்கடைக்காரர் அவளுக்கென்று கண்ணாடி டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தார்.

மலைக்காரர்களிடம் ஒரு பழக்கம். தூரம் என்று சொல்லமாட்டார்கள். நடந்து வருகிறவரிடம் இன்னும் தூரம் இருக்கிறது என்று சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. வராதே என்பது போல. எங்கே போக வேண்டும் என்றாலும் "பக்கந்தான்" என்பார்கள். வந்த புதிதில் ஊசியக்கா இதற்காக அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். போகப்போக அது அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

அன்று மேல்குடியிருப்பில் ஒரு பிள்ளை பெற்றவளைப் பார்க்க வேண்டும். ஊசியக்கா ஒரு கிழவரின் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். புது நர்ஸ் பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் போறேங்க்கா. தூரமா?"

"பக்கந்தாம்மா. போயிட்டு வந்து சாப்பிடலாம்."

அந்தப் பெண் தண்ணீர்கூட எடுக்காமல், ரப்பர் செருப்போடு கிளம்பினாள். வழியில் கேட்ட இடமெல்லாம் பக்கந்தான் என்றார்கள். வெயில் சாயும் நேரத்தில் பால்காரர் அவளை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். கணுக்கால் பூசணிபோல வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது.

உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தபின் அவள் கேட்டாள்: "அவங்க சொன்னாங்க, சரி. நீங்களும் ஏங்க்கா சொன்னீங்க?"

ஊசியக்கா அவள் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாதி பழக்கம். மீதி எது என்று அவளுக்குத் தெரியும். தூரம் என்று சொன்னால் இந்தப் பெண் மிரண்டு ஓடிவிடுவாள் என்ற பயம்.

மறுநாள் காலை ஜீப்பில் பெட்டியும் பெண்ணும் இறங்கிப் போனார்கள்.

"போனாப் போறா. எங்களுக்கு நீங்க இருக்கீங்கல்ல," என்றார் டீக்கடைக்காரர். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனுஷர். ஊசியக்கா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

இன்னொருத்தி எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. கணவரின் புண் அதுவரை காத்திருக்காது. ஊசியக்கா பின்னறை வாசலை முழத்தால் அளந்தாள். முன்னறைக் கட்டில் நுழையாது, அதன் காலைக் கழற்றினால் நுழையும். கழிப்பறை வெளியே, பரவாயில்லை, பெட்பேன் இருக்கிறது. மருமகளுக்குப் போன் போட்டாள்.

"மாமாவ இங்க அனுப்பிவை. ஆம்புலன்சுக்கு நான் சொல்லிடுறேன்."

"மலைக்கா அத்தே? மாமாவக் கேக்க வேணாமா?"

"கேளு."

மருமகள் கேட்பது போனில் கேட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

"ஒண்ணும் சொல்லல அத்தே. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்."

"நீ திருப்பினியா?"

"இல்ல. கட்டில் சட்டத்தப் பிடிச்சு அவராத்தான் திரும்பினார். கோவம் போல."

"சுவரு எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அப்படியே இருக்கட்டும். முதுகுக்கு ஒரு தலைகாணி குடு. புண்ணுல காத்துப் படட்டும்," என்றாள் ஊசியக்கா. வைத்துவிட்டுக் கட்டில் காலைக் கழற்ற ஸ்பேனர் கேட்டு டீக்கடைக்குப் போனாள்.