கூண்டக்கா குடிக்காத டீ

கூண்டக்காவுக்கு லிஃப்ட் என்றால் பயம். நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடிக்குப் படியேறித்தான் போனாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பெற்றவளைவிட இவளுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுவதுதான் அவளுடைய பிழைப்பு.

ஊரே அந்தத் தங்கச் சுரங்கத்தை நம்பித்தான் இருந்தது. மலையடிவாரத்தில் கிணறு போலச் செங்குத்தாக வெட்டிய ஷாஃப்ட். அதற்குள் கம்பிவடத்தில் தொங்கும் இரும்புக் கூண்டு. வடத்தைச் சுற்றி இழுக்கும் பெரிய உருளை சற்றுத் தள்ளி இஞ்சின் ரூமில் இருந்தது. உருளைக்கு முன்னால் ஒரு நாற்காலி. வலது கைக்கு ஒரு பிடி, இடது கைக்கு பிரேக், எதிரே கடிகாரம் போல ஒரு வட்டமும் முள்ளும். கூண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை முள் காட்டும். இறக்கணுமா, ஏற்றணுமா, உள்ளே இருப்பது ஆளா கல்லா என்பதை மணி சொல்லும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கூண்டு மட்டும் தெரியாது.

இந்த இஞ்சின் ரூமைப் பெருக்கித் துடைக்கத்தான் கூண்டக்கா முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த நாற்காலியைத் துடைத்துத் துடைத்து, பரீட்சையும் எழுதி, கடைசியில் அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொம்பளை ஓட்டும் கூண்டில் ஏறமாட்டோம் என்று முறுக்கிக்கொண்டவர்கள் ஏணி வழியாக ஒரே ஒருநாள் இறங்கிப் பார்த்தார்கள். மறுநாள் நல்ல பிள்ளையாக வரிசையில் வந்து நின்றார்கள்.

அவள் ஓட்டினால் நிறைய ஊற்றிய டீ டம்ளர் கூடச் சிந்தாது என்று ஊரில் பேச்சு. இதை மற்றவர்கள் சொன்னால் சிரிப்பாள். வீட்டுக்காரர் சொன்னால் உச்சி குளிர்ந்துபோகும். அவர் கீழே பாறையில் துளை போடும் மிஷின் பிடிப்பவர், எப்போதும் காலை ஷிப்ட். இவளுக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம். இவள் மதியத்துக்கு மாறும் வாரங்களில் காலையில் இன்னொரு டிரைவர் ஓட்டுவான். அந்த வாரங்களில் மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார்.

"இன்னைக்கும் குலுக்கி எடுத்துட்டான்மா. கூண்டு ஓட்டறானா, மாவு சலிக்கறானான்னே தெரியல. உன் கை யாருக்கு வரும்."

அப்படித்தான் அந்த டிரைவருக்குக் குலுக்கி என்று பேர் வந்தது. அவனுடைய நிஜப் பேர் சம்பள நாளில் மட்டும் யாருக்காவது ஞாபகம் வரும். கூண்டக்கா அவனோடு ஷிப்ட் மாறும்போது நாற்காலியைத் துணியால் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அவனும் சும்மா இல்லை, அவள் எழுந்து போனதும் பிரேக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்வான்.

இப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"மலைக்கு அந்தப் பக்கம் புது ஷாஃப்ட் திறக்கறோம். அதுல கல் மட்டும்தான் ஏறும், ஆள் கிடையாது. குலுக்கியை அங்க அனுப்பிடலாம்னு பாக்கறேன். கல்லு குலுங்கினா யாரு கேக்கப் போறா? நீங்க என்ன சொல்றீங்க? அவன் கை சரியில்லன்னா அவன் போகட்டும். சரிதான்னு நீங்க சொன்னா, அந்த ஷாஃப்டுக்கு வெளியில இருந்து வேற ஆளை வரவழைச்சுக்கறேன்."

கூண்டக்கா வாயைத் திறந்துவிட்டாள். 'அனுப்பிடுங்க' என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனாலும் ஒருவன் பிழைப்பு விஷயம். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

சுவருக்கும் காது உண்டோ இல்லையோ, அந்த ஆபீஸ் சுவருக்கு உண்டு. மதியம் ஷிப்ட் மாற வந்த குலுக்கி உட்காராமல் நின்றான்.

"அக்கா, வீட்டுல அவளுக்கு மாசம் நெருங்கிடுச்சு. அந்த ஷாஃப்டுக்குப் போனா கேம்ப்லதான் தங்கணும். வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டைப் பாக்க முடியும்."

"அதுக்காக ஆளுங்க இடுப்பு ஒடியணுமா?"

"ஒடிஞ்சா நானே போயிடறேன். ஆனா நீங்க ஒரு தடவைகூட என் கூண்டுல ஏறினது இல்லையே. ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கூண்டக்கா யார் ஓட்டிய கூண்டிலும் ஏறியதே இல்லை. பெண்கள் கீழே இறங்கக் கூடாது என்று முன்பு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில் அவள் நிம்மதியாகக் காலம் தள்ளினாள். சட்டத்தை எடுத்தபிறகு, கீழே எனக்கென்ன வேலை என்று சொல்லிச் சமாளித்தாள். இப்போது அவன் கேட்பதில் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கும் இடத்தில் அவளுக்குச் சமாளிக்க வராது.

அடுத்த வாரம் குலுக்கிக்குக் காலை ஷிப்ட். மேனேஜரிடம் தவணை வாங்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டும் காலில் இரவல் பூட்ஸுமாக ஷாஃப்ட் வாசலில் வந்து நின்றாள். கையில் விளிம்புவரை ஊற்றிய டீ டம்ளர். சோதனை என்றால் சோதனை மாதிரி இருக்க வேண்டாமா? மணி அடிப்பவர் கதவைத் திறந்துவிட்டார். கூண்டின் இரும்புத் தரை காலுக்குக் கீழே லேசாக ஆடியது, கம்பி இடுக்கில் கீழே ஒன்றுமே இல்லாத இருட்டு தெரிந்தது. அவ்வளவுதான். கூண்டு கிளம்புவதற்கு முன்பே அவள் கை நடுங்கி, டீ மொத்தமும் பூட்ஸுக்குள் போய்விட்டது.

மணி அடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காற்று முகத்தில் ஏறியது, காது அடைத்தது. எல்லாச் சாமிகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, நிற்கும்போது வரப்போகும் அந்தப் பிரசித்தி பெற்ற குலுக்கலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"வந்து ரொம்ப நேரமாச்சுக்கா. இறங்கினீங்கன்னா நாங்க ஏறிக்குவோம்."

கண்ணைத் திறந்தாள். எதிரே விளக்கு எரியும் குகை. தலையில் வெளிச்சத்தோடு ஆட்கள் நின்றார்கள். நடுவில் வீட்டுக்காரர். கூண்டின் தரையும் குகையின் தரையும் ஒரே மட்டத்தில், ஒரு விரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றன.

"ஏங்க, குலுங்கவே இல்லையே."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கல்வண்டி தள்ளும் கிழவர் ஒருவருக்குத்தான் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

"அது ஒண்ணுமில்லம்மா. உன்கிட்ட வந்தா அவன் குலுக்கறான்னு சொல்லுவோம். அவன்கிட்ட போனா நீ தூக்கிப் போடறேன்னு சொல்லுவோம். எங்க உசுரு உங்க ரெண்டு பேரு கையிலதானே தொங்குது. ரெண்டு பேரையும் சந்தோஷமா வச்சுக்க வேண்டாமா?"

கூண்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷம் வீட்டில் காது குளிரக் கேட்டதெல்லாம் வெறும் ஐஸா? வீட்டுக்காரரைப் பார்த்தாள். மனிதர் அசடு வழிந்துகொண்டு நின்றார்.

"நீ சிரிச்ச முகமா வேலைக்குப் போனா நல்லா இருக்குமேன்னுதான்..." என்றார்.

"அப்போ இடுப்பு வலி?"

"அது மிஷின் பிடிச்சதுல வந்தது. அது நிஜம்."

திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பூட்ஸுக்குள் டீ சளக் சளக் என்றது, கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வந்ததுதான் வந்தாய், தங்கத்தைப் பார்த்துவிட்டுப் போ என்று வீட்டுக்காரர் பாறையில் வெள்ளையாக ஓடிய ஒரு கோட்டில் விளக்கை அடித்துக் காட்டினார். அவள் கண்ணுக்கு வெறும் கல்தான் தெரிந்தது. இதற்கா இத்தனை பேர் இறங்கி ஏறுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கூண்டில் ஏறினாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். பாறைச் சுவர் சரசரவென்று கீழே போனது, அது பார்க்க நன்றாகவே இருந்தது.

மேலே வந்ததும் நேராக மேனேஜரிடம் போனாள்.

"அவன் கை சுத்தமான கை. இங்கேயே இருக்கட்டும். பேரு மட்டும்தான் குலுக்கி."

சேதி கேட்ட குலுக்கி ஷிப்ட் முடிந்து இஞ்சின் ரூமில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மதிய ஷிப்டுக்காக நாற்காலியில் உட்கார்ந்த கூண்டக்காவின் முகத்தில்தான் சந்தோஷம் பாதியாக இருந்தது. அன்று அவள் நாற்காலியைத் துடைக்கவில்லை.

"ஏம்பா, உண்மையைச் சொல்லு. நான் தூக்கிப் போடறேனா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? நீங்க ஓட்டி நானும் ஏறினதில்லையே. ஷிப்ட் மாறினா வீட்டுக்குத்தான் ஓடுவேன்."

அதுதான் அவளை அரித்தது. மற்றவன் கையை ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தன் கையை எப்படி? தான் ஓட்டும் கூண்டில் தானே ஏற முடியாது. அத்தனை பாராட்டும் ஐஸ் என்றால், அவள் நல்ல டிரைவரா, இல்லை ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனார்களா?

குலுக்கி வீட்டுக்குப் போவதற்காக மாற்றியிருந்த வெளுத்த சட்டையோடு டீக்கடைக்குப் போனான். விளிம்புவரை ஊற்றிய டம்ளரோடு திரும்பி, ஜன்னல் வழியாக அதைத் தூக்கிக் காட்டிவிட்டு ஷாஃப்ட் பக்கம் நடந்தான்.

ஆள் ஏறிய மணி அடித்தது. கூண்டக்கா பிடியில் கை வைத்தாள். பரீட்சையன்றுகூட அந்தக் கை அப்படி வியர்த்ததில்லை. முள் மெல்லச் சுற்றி அடிமட்டத்தைத் தொட்டது, பிரேக்கைப் பிடித்தாள். கீழேயிருந்து மணி வந்தது, ஏற்றினாள். ஒரு தவறும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது நாற்காலிக்குத் தெரிந்த உண்மை. கூண்டுக்குத் தெரிந்த உண்மையைச் சுமந்துகொண்டு ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

குலுக்கி கதவைத் திறந்துகொண்டு வந்தான். டம்ளர் காலி.

"சிந்திடுச்சா? மொத்தமுமா?"

"குடிச்சுட்டேன்க்கா."

"என்னது?"

"ஆறிடும்னு பாத்தேன். பாதி வழியிலேயே குடிச்சுட்டேன். கடையில உக்காந்து குடிக்கற மாதிரிதான் இருந்தது."

இதுவும் ஐஸா என்று கூண்டக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஷாஃப்ட் சுவரில் கசிந்த தண்ணீர் அவன் தோளில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. மற்றபடி அந்த வெளுத்த சட்டையில் ஒரு துளி டீக்கறை இல்லை. கையிலும் இல்லை, செருப்பிலும் இல்லை. அத்தனை வருஷப் பாராட்டும் அவளுக்கு மொத்தமாகத் திரும்பக் கிடைத்தது.

"இன்னும் நிக்கறியே, போ. வீட்டுல அவ காத்துக்கிட்டிருப்பா."

"போறேன்க்கா. அடுத்த தடவை ரெண்டு டம்ளரா எடுத்துக்கிட்டு ஏறணும். மேல வர்றப்ப குடிக்க ஒண்ணும் இல்ல."