மூன்றாவது வரிசையில் அத்தான்

என் தங்கைக்கு மகள் ஒன்று, மகன் ஒன்று. மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் பட்டப்பெயரும் லிஃப்டுதான். வேலை முடிந்ததும் சின்ன அரங்குகளில் ஒற்றை ஆளாக நின்று பேசுவான். மிமிக்ரி கிடையாது, குட்டிக்கரணம் கிடையாது. மோட்டார் ஏன் நின்றது என்று சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்வான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பேச்செல்லாம் அவன் அத்தானை, அக்கா புருஷனைப் பற்றித்தான். "எங்க அத்தான் வீட்ல உப்பு குறைஞ்சா தட்டு பறக்கும். அக்கா ரன்வே போட்டு வச்சிருக்கா." சிரிப்பார்கள். அவளுடைய முழங்கைத் தழும்பு எங்களுக்குத்தான் தெரியும். கேட்டால் கதவு இடித்தது என்பாள்.

அதை ஆல்பமாகப் பதிவு செய்ய ஒரு ஞாயிறு மதியம் அரங்கு பிடித்தான். நோட்டீஸ் எப்படியோ அத்தான் கைக்குப் போயிருக்கிறது. காலையில் "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். தம்பிக்குச் சொல்லிவிடாதபடி அக்காவைப் போனைத் தொட விடவில்லை.

பதிவு செய்பவர், "ஒரு நிமிஷம் யாரும் இருமக்கூடாது, ஹால் சத்தத்த மட்டும் எடுக்கணும்" என்றார். வெட்டி ஒட்டும்போது இடையில் நிரப்ப அது வேண்டுமாம். அந்த ஒரு நிமிடத்தில்தான் மேடையில் நின்றவன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா, அடுத்து நான். என் மணிக்கட்டில் அவள் நகம் இறங்கியது. இவன் வாயைத் திறந்தால் இன்று வீட்டில் இவளுக்கு என்ன நடக்கும்?

இவன் மைக்கைப் பிடித்தான். "எங்க வீட்ல உப்பு குறைஞ்சா தட்டு பறக்கும். விடுறவன் நான்தான்."

ஒரு மணி நேரம் அத்தான் செய்ததையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டான். வாசலில் டிக்கெட் கிழித்த அவன் மனைவி பேயறைந்தவளாக நின்றாள். உரக்கச் சிரித்தவர் அத்தான்.

முடிந்ததும் எல்லார் முன்னாலும், "என்ன மச்சான், பொண்டாட்டியப் போட்டு இந்தப் பாடு படுத்துறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றார்.

அக்கா மெல்ல எழுந்தாள். "ஆமாங்க, அந்தப் பொண்ணு பாவம். நான் ரெண்டு நாள் கூட இருந்துட்டு வர்றேன்."

அத்தனை பேர் பார்க்க அவரால் மறுக்க முடியவில்லை. தம்பி வண்டியில் ஏறியவள் இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரமாகிறது, அவள் திரும்பிப் போகவில்லை. ஆல்பம் வந்துவிட்டது, கேட்டவர்கள் லிஃப்டைத் திட்டுகிறார்கள். அவன் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். நேற்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் அத்தான் நின்றாராம், காதில் இயர்போனோடு. பஸ்கள் வந்து போயின. அவர் ஏறவுமில்லை, ஒரு தடவைகூடச் சிரிக்கவுமில்லை.