இங்ரிட் என்கிற இங்கிரு

இங்ரிட் அக்கா இறந்துவிட்டார்.

நேற்று காலை டென்மார்க்கிலிருந்து அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஸ்கூலுக்கு ஷூ மாட்டிக்கொண்டே படித்தேன்... ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: செங்கம் ரோடு சந்தில், எங்கள் வீட்டு மாடி ரூமுக்கு வருஷா வருஷம் வருகிற வெள்ளைக்கார அக்கா. சிவப்பு சைக்கிள். கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் வருவார், மாசியில் வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பேர் அந்த சைக்கிளுக்கு வழிவிட்டு ஓடியிருப்பீர்கள்.

வயது அறுபதுக்கு மேல். "ஆன்ட்டி" என்றால் காது கேட்காது. "அக்கா" என்றால் தெருமுனையிலிருந்தே கேட்கும்.

நான் ஏழாவது படிக்கும்போது முதல் தடவை வந்தார். சட்டையில் "இன் சைலன்ஸ்" என்று ஒரு பேட்ஜ். மௌன விரதமாம்... ஆசிரமங்கள் நிறைந்த எங்கள் ஏரியாவில் இது சகஜம். பேட்ஜைக் குத்திக்கொண்டு டீக்கடையில் சைகையாலேயே சக்கரை கம்மி வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவுக்கு பேட்ஜெல்லாம் ஒரு கணக்கே இல்லை. படியில் பார்க்கும்போதெல்லாம் "சாப்டியா?" என்று கேட்பாள். அவளுக்கு வெள்ளைக்காரர்கள் எல்லாருமே "நீ"தான்.

"பேசத்தானடி மாட்டாங்க, துன்னக்கூடவா மாட்டாங்க?" என்பது அவள் கட்சி.

நான் சும்மா இருப்பேனா... ஒரு அட்டையில் "இன் கிச்சன்" என்று எழுதி அம்மா முதுகில் பின் குத்திவிட்டேன்.

அக்கா படியிறங்கி வந்தார். பார்த்தார். மௌனம் அங்கேயே காலி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

அம்மா கரண்டியோடு என்னைத் துரத்த, அக்கா குறுக்கே பாய்ந்து தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையால் சமாதானம் பேசினார்.

"சாப்டியா?"

"இங்ரிட்" அம்மா வாயில் நுழையவே இல்லை. இங்கிரி, இங்கிருட்டு என்று உருண்டு கடைசியில் "இங்கிரு"வில் வந்து நின்றது. தமிழ் மிஸ் கவனத்துக்கு: இங்கு + இரு = இங்கிரு. ஃபுல் மார்க்.

அந்த மாசியில் அக்கா ஊருக்குக் கிளம்ப, வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா கையாட்டினாள். "இங்கிரு, போய்ட்டு வா!"

"யம்மா, இருக்கணுமா போவணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு. ஆட்டோ அண்ணன் கொழம்புறாரு பாரு."

அர்த்தத்தை இங்கிலீஷில் சொன்னதும் அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். "இங்கேயே இரு... இதுவா என் பேர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவைக் கட்டிக்கொண்டவர், ஆட்டோ அண்ணன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

ஊருக்குப் போய் அவர் செய்த வேலைதான் பெரிய காமெடி.

அவரும் மகளும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன். இவர் போனதும் போகாததுமாக, தினமும் மகளைக் கூப்பிட்டு "சாப்டியா?" என்று ஆரம்பித்துவிட்டார். "அம்மா, எனக்கு நாற்பது வயசு" என்று மகள் கட் செய்வாராம். இவர் மறுநாளும்...

ஒன்றிரண்டு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். அக்கா இங்கே இருக்கிற மாதங்களில், நாங்கள் ராத்திரி தோசை சாப்பிடும் நேரத்துக்கு மகளே வீடியோ காலில் வந்து "சாப்டியா?" என்பார். அம்மா நடுவில் தலையை நுழைத்து, "ஆச்சு கண்ணு, தோச! நீ?" என்பாள்.

அக்காவுக்கு ழ நன்றாக வரும். வரக்கூடாத இடத்திலும் வரும். பௌர்ணமியானால் கிரிவலத்துக்கு "மழை சுத்தப் போறேன்" என்று கிளம்புவார்.

"கொட எடுத்துக்கினு போங்கக்கா" என்பேன்.

போன தடவை பாதியாக இளைத்து வந்தார். பை நிறைய மாத்திரை. அங்கே ஆஸ்பத்திரியில் எல்லாம் பேசி வைத்துவிட்டு, வந்துவிடச் சொல்லி மகள் தினமும் போனில் அழுதார். அக்காவுக்குப் போக மனசே இல்லை.

மொட்டைமாடியில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் இங்கயே இருக்கட்டா? எங்க ஊர்ல மழை இருக்கு. மலை இல்ல."

ழவும் லவும் முதல் தடவையாகச் சரியான இடத்தில் வந்தன. நான் கைதட்டவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் மடித்த துணியையே திரும்ப மடித்தாள். "இருந்தா எனக்கு சந்தோசந்தான். ஆனா அந்தப் பொண்ணு இப்பத்தான் ஒன்ன சாப்டியான்னு கேக்கவே கத்துக்கிச்சு. அதத் தனியா வுட்டுட்டு இங்க இருந்து என்னா பண்ணப்போற? போம்மா."

ஆட்டோ வந்தது. அம்மா "போய்ட்டு வா" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா தலையை வெளியே நீட்டினார். "பேரு?"

"சொன்னா எறங்கிடுவ," என்றாள் அம்மா.

ஆட்டோ கிளம்பிவிட்டது.

மகள் எழுதியிருந்தது இவ்வளவுதான். "முந்தின நாள் முழுக்க அம்மா பக்கத்திலேயே இருந்தேன். கண்ணைத் திறந்து 'சாப்டியா' என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அதன்பிறகு அவர் பேசவில்லை."

படித்துக் காட்டினேன். அம்மா போனைப் பிடுங்கி அந்த மகளுக்கு வாய்ஸ் அனுப்பினாள். "மொதல்ல சாப்புடு கண்ணு. அப்புறம் அழுவலாம்."

சாயங்காலம் மாடி ரூமைப் பெருக்கப் போனவள் ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை. போய்ப் பார்த்தேன். அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, யாருமில்லாத ரூமில் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. இனிமேல் சொல்லலாம்...

இங்கிரு, அக்கா.