இருபத்தோரு இஞ்ச் முன்வீல்

வண்டி வாங்கிய நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்தவர்களைவிட என் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். ஷோரூமில் ஏறி உட்காரச் சொன்னவர் குனிந்து என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். வில்லியனூரில் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் பார்க்கிறான். திருக்கனூர் பஸ் ஸ்டாண்டில் டீக்குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். எட்டுதா, எட்டலையா என்று பட்டிமன்றம் வைக்காத குறைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. செல்லிப்பட்டும் அதைச் சுற்றி ஆற்றோரம் இருக்கும் ஊர்களும் என் பொறுப்பு. மாடு கத்துகிறது என்று காலையில் போன் வந்தால் சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் அந்தப் பருவம் போயிற்று, மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கான விந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனில் உறைநிலையில் இருக்கும், குளிர் போனால் வீண். அந்தக் கேனைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, கரும்பு டிராக்டர்கள் உழுது வைத்த தடத்தில் போக வேண்டும். அந்தத் தடத்தில் சின்னச் சக்கரம் இறங்கினால் ஏறாது. அதற்காகத்தான் முன்னால் இருபத்தோரு இஞ்ச், பின்னால் பதினெட்டு இஞ்ச் வீல் உள்ள அட்வென்சர் பைக் வாங்கினேன், ஊர் சுற்றிப் படம் போட அல்ல.

கண்ணை மூடிக்கொண்டும் வாங்கவில்லை. முன்வீலைப் பத்தொன்பது இஞ்சாக மாற்றினால் வண்டி கொஞ்சம் தாழும், டயரும் அலையாமல் கிடைக்கும். இருபத்தோரு இஞ்சுக்கு டியூப் வேண்டுமென்றால் விழுப்புரத்தில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆனால் முன்பக்கம் தாழ்ந்தால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தகடும் தாழும். என் தடத்தில் இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் மேடு ஒரு சாண் உயரம், தகடு அதில் தட்டும். அதனால் வீலைத் தொடவில்லை. சீட்டின் ஸ்பாஞ்சை மட்டும் வெட்டிக் குறைத்தேன். ஒரு டியூபை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். நிற்கும்போது சீட்டில் இடப்பக்கம் சரிந்து ஒரு காலை ஊன்றினால் போதும். வண்டி நிற்பதற்கு ஒரு கால் தாராளம்.

ஒரே ஒரு தடவை திருக்கனூரில் சரளைக்கல்லில் கால் வழுக்கி வண்டியோடு சாய்ந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடிகூட உடையவில்லை. ஆம்பளைகள் தினம் விழுகிறார்கள், அவர்கள் வீலை யாரும் மாற்றுவதில்லை. ஆனால் நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி என் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம் நான் டிரெயினிங்குக்காக வெளியூர் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் என் வண்டி வேறொரு வண்டியாக நின்றது. இரண்டு பக்கமும் பதினேழு இஞ்ச் அலாய், தார்ரோட்டுக்கான அகல டயர், ரிம்மில் சிவப்பு ஸ்டிக்கர். பின்பக்கம் ஓரளவு அப்படியே இருக்க, முன்பக்கம் மட்டும் இறங்கி, தொட்டியில் வாய் வைத்த மாடு மாதிரி நின்றது. பழைய வீல்களை, புது வீல் வாங்கிய கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டாராம்.

“ஒனக்காகத்தான்டி பண்ணேன்,” என்றார் வீட்டுக்காரர். முகமெல்லாம் பூரிப்பு.

கத்தினேன். தட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தொழிலுக்கான வண்டியை என்னைக் கேட்காமல் எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டேன். நான் விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றார். நன்றியில்லை என்றார். நாலு நாள் ஓட்டிப் பார், பழகிவிடும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே தானும் பாகூர் வரை ஓட்டிப் போய்விட்டு வந்து, வெண்ணெய் மாதிரி போகிறது என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். தார்ரோட்டில் எதுதான் வெண்ணெய் மாதிரி போகாது? வேலையை நிறுத்த முடியாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

மழை விட்ட ஒரு காலையில் செல்லிப்பட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளிடம் ஒரே ஒரு பசு. மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்த முறையும் தவறினால் வியாபாரிக்குக் கொடுத்துவிடச் சொல்லி வீட்டில் பிடுங்குகிறார்கள் என்று முன்பே என்னிடம் அழுதிருக்கிறாள். இந்த முறை அந்த மாட்டுக்குத் தாது உப்பெல்லாம் கொடுக்கச் சொல்லி நானே தயார் பண்ணி வைத்திருந்தேன். நிற்கும் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்திருந்தேன்.

அவள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், டிராக்டர் தடத்தில் முன்வீல் இறங்கியது. பழைய வீலாக இருந்தால் உருண்டு ஏறியிருக்கும். இது பள்ளத்துக்குள் முட்டி நின்றது. அடித்தகடு நடு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. காலா? இரண்டு காலும் நன்றாகவே தரைக்கு எட்டின. எட்டி என்ன பிரயோஜனம், சேற்றில் ஊன்றிய கால் வழுக்க, வண்டி சாய்ந்தது. கேன் கவிழ்ந்தது. மூடி தெறித்து நைட்ரஜன் முழுக்க வெள்ளைப் புகையாகச் சேற்றில் ஓடியது. உள்ளே இருந்த குச்சிகள் அத்தனையும் வீண்.

அவளும் பக்கத்து வயலில் இருந்தவர்களும் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். வேறு இடத்தில் சொல்லிக் குச்சி வாங்கி வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. மாடு அடங்கிப்போய் அசை போட்டுக்கொண்டிருந்தது. பெயருக்கு ஊசி போட்டேன், நிற்காது என்று எனக்கே தெரிந்தது.

“ஒன்னத்தானமா நம்பினு இருந்தேன்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அடுத்த சுற்றில் மாடு மறுபடி கத்தியதாம். எனக்குச் சொல்லவே இல்லை. வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போன பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்ட இடத்திலிருந்து நேராக அந்த வீல் கடைக்குப் போனேன்.

என் பழைய வீல் இரண்டும் கடை வாசலில் இன்னும் விற்காமல் தொங்கின. கழற்றி மாட்டச் சொன்னேன். கடைக்காரர் மரியாதையாக ஒரு ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டார்.

“சார இட்டுனு வாங்க மேடம். அவருதான சொன்னாரு,” என்றார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர் என்னுடையது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே அவருக்குப் போன் போட்டார்.

வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். மாடு விற்றுப்போனதைச் சொன்னேன். பாவம்தான் என்றார். அதற்கு வீல் என்ன செய்யும், நீ பார்த்து ஓட்டியிருக்க வேண்டும் என்றார். நான் அசையவில்லை என்றதும் என்னைக் கடைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“பழசையே மாட்டினா நான் எப்பிடிடி ஓட்றது? எனக்கு எட்டாதே.”

அவரும் என் உயரம்தான். கல்யாண போட்டோவில் அவரை ஒரு படி மேலே நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். வாங்கிய நாளிலிருந்து வீல் மாற்றும் வரை ஒரு தடவைகூட அவர் இந்த வண்டியில் ஏறியதில்லை. நானும் அதை என் வண்டிக்குக் கொடுக்கிற மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் ஊரெல்லாம் என் காலைப் பற்றிப் பேச விட்டுவிட்டு, தன் காலுக்கு வண்டியை வெட்டியிருக்கிறார். வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பின்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கிவிட்டிருப்பேன். ஒரு காலில் நிற்கக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும்.

“ஒங்களுக்கு வேணும்னா ஒங்களுக்கு வேணும்னு கேளுங்க,” என்றேன். “எனக்காகன்னு சொல்லி இனிமே எதுலயும் கை வெக்காதீங்க.”

கடைக்காரர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதும் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்து நின்றார்.

“அங்க இன்னா பாக்கற, வண்டி என்னுது,” என்றேன். “கழட்டு.”